பத்தாண்டுத் திட்டத்தின் ஒன்பதாம் பக்கம்

அக்கா போன பிறகுதான் நான் அந்தச் சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். சேவை செய்ய அல்ல, ஒருவரைப் பழிவாங்க. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை.

அவருக்குச் சங்கத்தில் 'கல்வெட்டு' என்று பட்டப்பெயர். பூங்கா பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, எதைத் திறந்தாலும் தன் பெயரைப் பொறித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

எங்கள் சங்கத்தில் தலைவர் பதவி ஒரு வருஷம்தான். புதிதாக வருகிறவர் பழையவரின் திட்டத்தை மூட்டைகட்டிவிட்டுத் தன் பெயரில் ஒன்றைத் தொடங்குவார். கல்வெட்டு தலைவரானபோது மூட்டைகட்டியது ஒரு வேனை. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் வேன். அதை விற்று நாற்சந்தியில் மணிக்கூண்டு கட்டினார்.

வேன் இனி வராது என்று நோயாளிகளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக அக்கா வாசற்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தாள். முடியாத நாட்களில் போகவில்லை, போனதாக என்னிடம் பொய் சொன்னாள். ஐந்தாவது மாதம் அவள் இல்லை. நான் வேலைபார்த்த மருந்துக்கடையில் லீவு போட்டுவிட்டு நானே கூட்டிப்போயிருக்கலாம். என்மேல் எனக்கிருந்த அந்தக் கோபத்தையும் சேர்த்துக் கல்வெட்டின் தலையிலேயே போட்டேன்.

ஆறு வருஷம் நாற்காலி ஒழுங்கு செய்தேன், வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னேன், செயலாளரானேன். கூட்டக் குறிப்பு எழுத வேறு யாருக்கும் பொறுமை கிடையாது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு சங்கமும் பத்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் எழுதித் தர வேண்டும். குழுத் தலைவராகக் கல்வெட்டு முந்திக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் அவர் மாவட்டத்துச் சங்கங்களுக்கெல்லாம் மேலான மாவட்ட ஆளுநராக வேண்டும். இருபது வருஷக் கனவு. பதவியேற்புக்குக் கோட்டுகூடத் தைத்து வைத்திருந்தார்.

திட்ட நாளன்று எல்லோருக்கும் வண்ணச் சீட்டு கொடுத்து, பத்து வருஷத்தில் நாம் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். சொந்தக் கட்டடம் என்றார் ஒருவர். உயிரோடு இருந்தால் போதும் என்று எழுதினார் பல் டாக்டர். நான் வேன் என்று எழுதினேன். அதற்கு முந்தின மாதமே உறுப்பினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, வேன் நின்றபின் யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லியிருந்தேன். சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுத்தபோது அத்தனையும் வேனுக்கு விழுந்தது.

கல்வெட்டுக்கு ஆட்சேபம் இல்லை.

"எதுவா இருந்தா என்னம்மா, எழுதிடுங்க. அட்டையில எம்பேரு மட்டும் கொஞ்சம் பெருசா வரட்டும்."

பெரிதாகவே போட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் இதையும் எழுதினேன்: திட்டத்தைச் சமர்ப்பிப்பவரே பத்தாண்டும் அதன் பொறுப்பாளர், அதுவரை வேறு எந்தப் பதவியும் ஏற்கமாட்டார், வேனிலும், வேன் வாங்கும்வரை தன் சொந்தக் காரிலும், தினமும் காலையில் தானே போய் நோயாளிகளை அழைத்துவருவார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போனில் பேசிக்கொண்டே ஒன்பதிலும் போட்டார். தன் பெயர் இல்லாத வரியை அவர் படித்ததே இல்லை.

பொதுக்கூட்டத்துக்கு அப்போதைய ஆளுநர் வந்திருந்தார். கல்வெட்டு மேடையேறி அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஓட்டுக்கு விடுமுன் செயலாளர் முக்கியப் பகுதியை வாசிப்பது முறை. ஒன்பதாம் பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கல்வெட்டின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆளுநர் எழுந்து கைதட்டினார். ஆளுநர் நாற்காலியையே வேண்டாமென்று சொன்ன மனிதரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். சபை முழுக்க எழுந்து நின்றது. அத்தனை பேர் முன்னால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்? கும்பிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"உங்களுக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

"வேனை நிறுத்துனீங்க சார். எங்கக்கா அதுலதான் போய்ட்டிருந்தா."

அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"எந்த வேன்?"

ஆறு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்ததில் ஒரு துளிகூட அவரிடம் இல்லை. ஆமாம், நிறுத்தினேன் என்று திமிராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. பையிலிருந்து பன்னிரண்டு நோயாளிகளின் முகவரிப் பட்டியலை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு மொதல் வீடு, சார். லேட்டா போகாதீங்க. அவங்க வாசல்லயே உக்காந்திருப்பாங்க."