காட்டில் முட்டையிட்ட ஆமை

அட்டை கடிக்கும் என்று காட்டுப் பக்கமே போகாமல், காட்டைப் பற்றி நூற்று எண்பது பக்கம் எழுதியவரைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, மின்விசிறிக்குக் கீழே சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மலைமேல் உள்ள மழைக்காட்டை வெட்டிச் சுரங்கம் தோண்டினால் என்ன பாதிப்பு வரும் என்று ஆராய்ந்து சொல்வது இவர் வேலை. ஆராய்ச்சியாவது, மண்ணாவது. போன வருடம் ஒரு துறைமுகத்துக்கு எழுதிய அறிக்கையை எடுத்து, 'கடற்கரை' என்று இருந்த இடமெல்லாம் 'காடு' என்று மாற்றினார். 'பாதிப்பு ஏதுமில்லை' என்ற வரியை மட்டும் தொடவில்லை. அது எல்லா ஊருக்கும் பொருந்துமே. இரண்டே நாளில் வேலை முடிந்தது.

அடுத்த வாரம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்க ஊருக்கு மேல இருக்கிற காட்டை வெட்டப் போறாங்களாம்டா. எவனோ ஒரு புண்ணியவான் ஒரு கெடுதலும் வராதுன்னு எழுதிக் கொடுத்திருக்கானாம்."

அவருக்கு அந்தக் காடு வெறும் சர்வே எண்ணாகத்தான் தெரியும். ஊர்ப் பெயரோடு எண்ணைச் சரிபார்த்தார். அதே காடுதான்.

"வெட்டினா என்னக்கா?" என்றார்.

"என்னவா? நாலு மாசம் பெய்யிற மழையை அந்தக் காடுதான் பிடிச்சு வெச்சு, வருஷம் பூரா ஓடையில விடுது. அது போச்சுன்னா மழைக்குச் சேறு வீட்டுக்குள்ள வரும், வெயிலுக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணி இருக்காது. மாடு மேய்க்கிறவனுக்கே தெரியும் இது. எழுதினவன் சோறுதான் திங்கிறானா?"

சுரங்கத்துக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கு அவர் ஓடினார். அங்கே அதிகாரி அனுமதியில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சார், அறிக்கையில தப்பு இருக்கு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல, காட்டு மணல்ல கடலாமை முட்டையிடுதுன்னு வந்திருக்கு."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "அதையெல்லாம் யாருய்யா படிக்கிறா? ஆமையை அடிச்சிட்டுத் தவளைன்னு போடுங்க. தீந்துச்சு."

போன வாரம்வரை தானும் இதே சிரிப்பைச் சிரித்தவன்தான் என்று அறிக்கை எழுதியவருக்கு உறைத்தது. மேசையிலிருந்து ஒரு தாளை உருவி எழுதினார்: 'நான் அந்தக் காட்டை மிதித்ததே இல்லை. என் அறிக்கை முழுப் பொய்.' கீழே கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் நீட்டினார். அக்கா ஊர்க்காரர்களுக்கென்று இன்னொரு பிரதியும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பைத்தியமா உங்களுக்கு? இனிமே எவனும் வேலை தரமாட்டான்."

"வேலை போனா வேற தேடிக்கலாம் சார். ஒரு காட்டைக் காகிதத்துல அழிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, உங்களுக்கு ஒரு கையெழுத்து ஆச்சு. தண்ணியில்லாம ஊரே நிக்கும்போது, அந்தக் காட்டைத் திரும்ப முளைக்க வைக்கிற கையெழுத்தை யார்கிட்டப் போய் வாங்குறது?"