ஜெயம் கிணறு

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். வழியில் இருக்கிற ஊர்ப் பேர்களைப் பதினெட்டு வருஷமாகக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துவிட்டது. ஒரு பேரை மட்டும் கத்துவதில்லை. ஜெயம் கிணறு. அங்கே ஆள் இறங்க வேண்டுமென்றால் விசிலை ஊதிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன்.

எழுபத்தேழாம் வருஷம் வரைக்கும் அது மொட்டைக் கிணறுதான். சாலையோரம் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் ஸ்டாப்பிங். ஜெயம் என் மகள்.

இப்போது அந்த மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். ஆடி வெள்ளியில் பஸ் நிறையப் பெண்கள் பொங்கல் பானையோடு ஏறுகிறார்கள். போன வாரம் முன் சீட்டில் ஒரு பெரணமல்லூர் அம்மாள், நான் யாரென்று தெரியாமல், பக்கத்திலிருந்தவளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கெழம வெளக்கு வச்சிட்டு தண்ணி மொள்ள வந்துகீறா. அம்மனே கெழவி வேசத்துல வந்து தாகமா கீதுன்னு கேட்டுகீது. குனிஞ்சி மொண்டு குடுத்தவள அப்பிடியே கூட்டிகினு போயிட்ச்சி. ஒடம்புல ஒரு கீறல் இல்லியாம்."

கீறல் இல்லையாம். தூக்கி வெளியே கிடத்தியவன் நான். முதுகெல்லாம் பெல்ட் தழும்பு.

மாப்பிள்ளைக்குக் கிணற்றை ஒட்டின ஊரில் சொந்தத் தறி, பட்டு நெய்கிறவன், கௌரவமான இடம் என்று கொடுத்ததும் நான்தான். அவன் அடி தாங்காமல், கல்யாணமான ஒரே வருஷத்தில் மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூன்று தடவையும் நானே என் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப விட்டேன். நாலாவது தடவை, ஒரு வெள்ளிக்கிழமை, கிணற்றடியில் துணிப்பையோடு நின்று கையைக் காட்டினாள். டிரைவர் வீரபாகு பிரேக்கில் காலை வைத்தான். நான் போகச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தேன். பஸ்ஸில் இடம் இருந்தது. ஊர் என்ன பேசும் என்று பார்த்தேன், வேறொன்றுமில்லை. மறுநாள் காலை அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தோம்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. வீரபாகுவும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் அந்த அம்மாளின் கதையைக் கேட்டபிறகு எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் என் பெண்சாதி ராஜம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளி தவறாமல் அங்கே விளக்குப் போடுகிறவள் அவள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அம்மன் கூட்டிகினு போச்சின்னு மொதமொதல்ல சொன்னதே நான்தான்," என்றாள். "கருமாதிக்கு வந்தவங்ககிட்ட சொன்னேன். பேரு நிக்கிறதுன்னா நல்ல பேரா நிக்கட்டும்னு."

"அப்ப, நான் நிறுத்தாத வந்தது உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். காலைல பூக்காரிகிட்ட சொல்லி அனுப்பிச்சிருந்தா, மத்தியானம் அப்பா பஸ்ல வரேன்னு. மூணு பேருக்கு சோறு வடிச்சிட்டு குந்திகினு இருந்தேன். நீ தனியா வந்த. உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"உனக்கு பயந்துகினு, அவ எங்கன்னு நானும் கேக்கல. அவ சோத்தையும் உனக்கே போட்டேன்."