அத்தையின் ஜெபமும் பல் செட்டும்

அத்தை யாரையும் முகத்துக்கு நேரே திட்டியது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குத்தான் பாவம். மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசினாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தராலும் சாட்சி சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அத்தை ஆண்டவரிடம்தான் சொல்வாள். அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டில் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து கண்ணை மூடிய பிறகு, கணீரென்ற குரலில்.

ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நேரத்தோடு எழுந்திருக்கிற புத்தியைக் கொடும் என்பாள் ஒருநாள். மறுநாள் அவள் கைக்கு உப்பின் அளவைக் கற்றுக்கொடுக்கச் சொல்வாள். சம்பளம் வாங்குகிற பெண்களின் பெருமையைத் தாழ்த்தும் என்பது மாதக் கடைசியில் வரும். மகன் ஆமென் என்பான். நாலு வயசுப் பேத்தி அவனைவிடச் சத்தமாக ஆமென் என்பாள். மருமகளும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த நாள் ஜெபத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அத்தை பழத்தைப் படையலாக வைத்துவிட்டு ஊசி ஏற்றுகிறவள்.

மருமகளைத் தெருவில் பல்லுக்காரி என்பார்கள். பல் டாக்டருக்கு அடுத்த கட்டடத்தில், பல் செட் செய்கிற லேபில் அவளுக்கு வேலை. யாரோ ஒருவருடைய ஈறின் அச்சு பிளாஸ்டரில் வரும். அதன்மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக அடுக்கி, ரோஸ் நிறத்தில் மேலண்ணம் வார்த்து, மோட்டாரில் பிடித்துப் பளபளப்பாக்கி அனுப்புவாள். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள். அத்தையும் அதில் ஒருத்தி.

ரெண்டு வருஷத்துக்கு முன் அத்தைக்கு மேல்பல் முழுக்க எடுக்க வேண்டி வந்தது. லேபுக்கு லீவு நாளாகப் பார்த்து, பின்வாசல் வழியாக, தனியாக வந்தாள். பல்லில்லாத அந்த வாயை அவள் பெற்ற மகன்கூடப் பார்த்ததில்லை, மருமகள் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, புருஷனிடம்கூட. அன்றைக்கு அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் எனக்கொரு மகள்தான் என்றாள். இவளுக்கும் மனசு இளகிவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றை அத்தையிடம் சொன்னாள். இவளுடைய அப்பா ஒருகாலத்தில் குடித்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், தான் ரிப்பேர் செய்த கட்டடத்தின் மாடிப்படியிலேயே விழுந்து கிடந்தார். ஜனங்கள் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இவள்தான் போய்த் தூக்கி வந்தாள். பிறகு விட்டுவிட்டார், பதினோரு வருஷமாகத் தொடுவதில்லை. அத்தை கண்கலங்கக் கேட்டாள். பல்லுக்காரி அதை நம்பினாள், புத்தி கெட்டவள்.

ஐந்து மாசத்துக்கு முன் ஜெபக்குழு இவர்கள் வீட்டில் கூடியது. பத்தொன்பது பேர். அப்பாவும் பேத்திக்கு வண்ணப் பென்சில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அத்தை ஆரம்பித்தாள்.

"மாடிப்படியில குடிச்சுட்டு விழுந்து கிடந்து, ஜனங்க தாண்டிப் போன இந்த மனுசனையும் எங்களுக்குச் சம்பந்தியா குடுத்தீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்."

பதினெட்டு பேரும் ஆமென் என்றார்கள். ஒன்றிரண்டு கண் லேசாகத் திறந்து அப்பா பக்கம் போனது. அப்பாவும் ஆமென் என்றார். அதைத்தான் பல்லுக்காரியால் இன்றுவரை தாங்க முடியவில்லை. காபி குடிக்காமல் எழுந்து போனவர் அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. பேத்தியைப் பார்க்க நர்சரி கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறார். பள்ளி விடும்போது பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

அவள் கேட்காமல் இல்லை. அத்தை நிதானமாகப் பதில் சொன்னாள். "நான் உங்கப்பாகிட்டயா பேசினேன்? ஆண்டவர்கிட்ட பேசினேன். நடுவுல நீ யாரு?" புருஷனிடம் போனால், அம்மா நல்ல எண்ணத்தில் சொன்னது என்று டிவி சத்தத்தைக் கூட்டினான். அன்றைக்கே முடிவு செய்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த மனுஷன் பட்ட அதே அவமானத்தை இவளும் படவேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிற பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது, பிள்ளைக்குத் தலை வாரும்போது, எப்போதும் அதே நினைப்புத்தான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது ஒரு சனிக்கிழமை காலையில்.

புதிதாகக் கட்டிய ஜெபக்கூடத்தை மறுநாள் திறக்கிறார்கள். பத்து மணிக்கு முதல் ஜெபம் அத்தையுடையது. நானூறு பேருக்கு நாற்காலி போட்டிருக்கிறது, மைக் வேறு. ஒரு மாசமாக அத்தையின் கால் தரையில் பாவவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வாஷ்பேசினில் செட் கை தவறி விழுந்து ரெண்டாக உடைந்தது. அத்தை அறைக் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்தாள். வாயை ஒரு துண்டு மூடியிருந்தது. கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. நாளைக் காலைக்குள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். முடியுமா என்று ஒரு கேள்வி, ஒரு அம்மா, ஒரு தாயே, ஊஹூம். கதவு சாத்திக்கொண்டது.

மத்தியானம் லேபில் யாரும் இல்லை. ரெண்டு துண்டையும் பொருத்தி மெழுகு வைத்து ஒட்டினாள், அடியில் பிளாஸ்டர் ஊற்றினாள், விரிசலை அரைத்து அகலமாக்கி, ரோஸ் நிற அண்ணம் வார்க்கிற மாவைக் குழைத்து வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் இறுகவிட்டாள். அரத்தைக் கையில் எடுத்தபோது யோசனை வந்தது. பின் ஓரத்தில் ஒரு மயிரிழை கூடுதலாக ராவினால் போதும். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது சரியாக உட்காரும். மைக்கின் முன்னால் ஆண்டவரே என்று வாயைத் திறந்தால் அண்ணத்தை விட்டுக் கழன்று நாக்கில் விழும். நானூறு பேர் பார்ப்பார்கள். நினைக்கவே இனித்தது. கை அரத்தோடு அந்த ஓரத்துக்குப் போயும்விட்டது.

ஆனால் ராவவில்லை. அத்தைமேல் இரக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவள் செய்த பல். பல்லுக்காரி செய்தது கழன்றுவிட்டது என்றுதான் ஊர் பேசும். அடுத்தவளுக்காகத் தன் வேலையைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்ள அவளுக்கு என்ன தலையெழுத்தா? அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. யாரை அவமானப்படுத்தினாளோ, அவர் முன்னாலேயே அத்தை அந்த வாயோடு நிற்கட்டும்.

செட்டைப் பளபளப்பாக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். நாளைக்குக் காலையில் எட்டரைக்கு வீட்டுக்கு வாருங்கள், திறப்புக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம், அத்தைதான் உங்களை வரச் சொன்னார்கள் என்றாள். பொய் தேன் மாதிரி வந்தது.

"அவங்களா சொன்னாங்க?" என்றார் அப்பா. "அவங்க வாயாலயா?"

ஆமாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே அப்பா வந்துவிட்டார். முடி வெட்டி, மழமழவென்று சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையோடு. அத்தைக்கென்று ஒரு பை ஆரஞ்சு வேறு. அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஐந்து மாசத்துக் கோபம் லேசில் விடுமா? புருஷன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாற்காலி துடைக்க முன்னமே போய்விட்டான். ஒன்பதுக்கு ஜெபக்குழுவின் கார் அத்தையைக் கூட்டிப்போக வரும். நேரம் கச்சிதமாக இருந்தது. பெட்டியை அப்பா கையில் கொடுத்தாள்.

"அத்தையோட சாமான்ப்பா. நீங்களே உங்க கையால குடுத்துடுங்க."

என்ன ஏது என்று கேட்காமல் அவர் போய்க் கதவைத் தட்டினார். அவள் ரெண்டடி பின்னால் நின்றாள். எல்லாம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் நின்றாள்.

கதவு முழுக்கத் திறந்தது. மருமகள்தானே என்ற நினைப்பில் அத்தை வாயைத் துண்டால் மூடக்கூட இல்லை. கொண்டா என்று கை நீண்டது. மேலுதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, பத்து வயசு கூடிப்போன முகம். எதிரில் நிற்பது யார் என்று தெரிந்ததும் அந்த முகத்தில் ரத்தம் வற்றியது. வாயை மூடக் கை எழுந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. பல்லுக்காரி கண்குளிரப் பார்த்தாள். இதற்காகத்தானே காத்திருந்தாள்? நன்றாக வேண்டும், நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

அப்பா சட்டென்று திரும்பிவிட்டார். அறைக்கு முதுகைக் காட்டியபடி, பெட்டியைப் பின்பக்கமாக நீட்டினார்.

"நான் ஒண்ணும் பாக்கல சம்பந்தியம்மா. மெதுவா போட்டுக்கிட்டு வாங்க."

பெட்டி அவர் கையிலிருந்து போனது. கதவு சாத்திக்கொண்டது. திரும்பி நின்றவர் கண்ணுக்கு நேராக இப்போது அவருடைய மகள்தான் இருந்தாள். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் மிச்சமிருந்த சந்தோஷத்தையும் பார்த்தார். அவருக்குக் கணக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"அப்போ, அவங்க என்னை வரச் சொல்லல," என்றார்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவர் ஆரஞ்சுப் பையைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய், குனிந்து செருப்பைத் தேடினார். பத்தொன்பது பேர் நடுவில் ஆமென் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து தேடினார். அன்றைக்கு அவரை அப்படிக் குனிய வைத்தது அத்தை. இன்றைக்கு இவளே, சவரம் செய்து ஆசையோடு வந்தவரைத் தன் கையாலேயே குனிய வைத்துவிட்டாளே! அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கதவு திறந்தது. அத்தை நல்ல உடுப்பில், பல்லோடு, நிமிர்ந்து வந்தாள். வாசலில் குனிந்து நிற்கிறவரைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். கதவு மெல்லிசுதான். உள்ளே எல்லாம் கேட்டிருக்கும்.

"எங்க கிளம்பிட்டீங்க சம்பந்தி?" என்றாள். "நான்தான் உங்களை வரச் சொன்னேன். இவகிட்டச் சொல்லியனுப்பினதே நான்தான்."

அப்பா நிமிர்ந்தார். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். சொன்னவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பல்லுக்காரிக்கு ஆத்திரம் பொங்கியது. ஐந்து மாசமாக ஊட்டி வளர்த்த பழியை ஒற்றைப் பொய்யில் தட்டிக்கொண்டு போய்விட்டாளே இந்தப் பொம்பளை! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. இனிமேலும் சொல்ல மாட்டாள். ஆனாலும் அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தது மகள் இல்லை என்பதுதான் அவளை அறுத்தது.

வெளியே ஹார்ன் அடித்தது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் அத்தைக்குத்தான், மற்றவர்கள் பின்னால்தான் நெருக்கி உட்காருவார்கள். அத்தை காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி உக்காருங்க," என்றாள் அப்பாவிடம். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ என்கூடப் பின்னாடி வா."

அவள் போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.