தீர்மானம் எண் நான்கு

"கூட்டப் பதிவேட்டைக் கொடுங்க சார். நான் எழுதுனதுல தப்பு இருக்கு, திருத்தணும்."

இதை மட்டும் ஒருநாளும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை அங்கிருந்து கிளம்பியதுதான்.

1

அன்று மலை சரிந்து எங்கள் ஊரில் பாதி...

(வேண்டாம். நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.)

2

மறுபடி. மண்சரிவில் வீடிழந்த பன்னிரண்டு குடும்பங்கள் புது இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த வெற்றிக் கதையை நான் எழுதித் தர வேண்டும். மீட்புத் திட்ட அலுவலகம் எனக்கிட்ட வேலை இது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். கூட்டத்தில் குறிப்பெடுத்ததும் நான்தான்.

பள்ளிக்கூட அறை. பொறியாளர் புது இடமாக ஓடையோரச் சமதளத்தைப் படத்தில் காட்டினார். என் அம்மா எழுந்தாள்.

"அங்க கோடையிலகூட ஒரு முழம் தோண்டுனா ஈரம் கசியுது சார். ரோட்டு வேலைக்கு அங்கதான் கல்லு சுமந்தேன்."

"மண்ணைப் பரிசோதிச்சாச்சும்மா."

"எந்த மாசம்?"

யாரோ சிரித்தார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டாள். யாருக்காவது மறுப்பு உண்டா என்றார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. 'தீர்மானம் எண் நான்கு ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். அம்மா அதன் அடியில் கைநாட்டு வைத்தாள்.*

(அவள் பேசியதை எழுதப் பதிவேட்டில் இடமில்லை என்றுதான் முதல் வரைவில் சொல்லியிருந்தேன். பொய். நாலு வரி காலியாகக் கிடந்தது. எழுந்து பேசியது என் அம்மா என்பதில் எனக்குக் கூச்சம்.)

3

கதை நிற்க வேண்டுமென்றால் அம்மா சொன்னது சரியாக இருந்தாக வேண்டும். சரிதானா? பொறியாளர் ஒன்றும் வில்லன் இல்லை, மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தவர். குழம்பிப்போய் அம்மாவையே கேட்டேன்.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? ஈரம் இருந்துச்சு, சொன்னேன். நீ அதை எழுதுனியா இல்லையா?"

4

முடிவு அ: அலுவலகம் தவறை உணர்ந்து...

(யார் நம்புவார்கள்?)

முடிவு ஆ: மழை வருகிறது, ஓடை பொங்கி...

(மாட்டேன். அம்மா சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காகப் பன்னிரண்டு வீட்டை இடிக்க மாட்டேன்.)

5

நான் கேட்டதும் திட்ட ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"வியாழக்கிழமை அஸ்திவாரம். இப்பப் போயி ஊரைக் குழப்புவியா? படிச்ச பொண்ணு நீ."

"படிச்சதாலதான சார் அப்படி எழுதுனேன்."

"வெற்றிக் கதை சாயங்காலத்துக்குள்ள வரணும்."

"இந்தாங்க." இதுவரை எழுதிய தாள்களை மேசையில் வைத்தேன். இன்னொரு நகல் என் பையில் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டாரையும் கூட்டி அதை உரக்க வாசிப்பது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். கேட்டபிறகு அவர்கள் அந்த இடமே போதும் என்பார்களோ, வேண்டாம் என்பார்களோ, என்னைத் திட்டுவார்களோ, அதை நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்காக ஒருமுறை எழுதியது போதும்.

"எங்க போற? உன்கிட்டதான் பேசிட்டிருக்கேன்!"

ஊர்ப் பேருந்துக்குக் கால்மணி நேரம்தான் இருக்கிறது. கிளம்புகிறேன்.

* அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. எழுதியது நான் என்பதால்.