மூன்று டாலர் நோட்டு

பத்திர எழுத்தர் ராஜமாணிக்கத்துக்குப் பழைய காகிதம் என்றால் உயிர். கும்பினி காலத்து முத்திரைத்தாள், மூடிப்போன கம்பெனிகளின் பங்குப் பத்திரம், ரங்கூன் உண்டியல் சீட்டு என்று பதினாறு வருஷமாகச் சேர்த்து ஏழு ஆல்பம் வைத்திருந்தார். திருவண்ணாமலையில் யார் வீட்டுப் பரணில் செல்லரித்த தாள் கிடைத்தாலும் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு குறை. அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே நோட்டு வருவதற்கு முன்னால், ஊருக்கு ஊர் சின்னச் சின்ன பேங்குகள் தாமே நோட்டு அச்சடித்த காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒரு நாணயச் சங்கத்து மாத இதழில் படித்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. பம்பாய் வியாபாரிக்கு எழுதினார். மெட்ராஸுக்கு நாலு தடவை அலைந்தார். பாதி கிழிந்த ஒரு நோட்டுக்கு மேல் அகப்படவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், தீபம் முடிந்து பத்து நாள் இருக்கும். செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சாந்த் பாஷா ஒரு காக்கி உறையோடு வந்து நின்றார். ஆசிரமத்துப் பக்கம் ஆறு மாசம் தங்கியிருந்த வயதான அமெரிக்கர் ஒருவர் தினமும் அவரிடம்தான் சைக்கிள் எடுப்பாராம். அவர் காய்ச்சலில் கிடந்தபோது பாஷா வீட்டிலிருந்துதான் கஞ்சி போயிருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிற அன்று இந்த உறையைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். தாத்தாவுக்குத் தாத்தா காஷியராக இருந்த பேங்கின் நோட்டுகள் என்றாராம்.

"எனக்கு இன்னா தெரியும் சார். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ராஜமாணிக்கம் பிரித்தார். ஆறு நோட்டு. வெங்காயச் சருகு போல மெல்லிய தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுமை. காஷியர் போட்ட கையெழுத்தின் மை பழுப்பேறி இருந்தது. அந்தப் பழுப்பு எத்தனை வருஷத்தில் வரும் என்று பத்திரம் புரட்டிய கைக்குத் தெரியும். ஆறாவதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மூன்று டாலர் நோட்டு. கட்டுரையில் படம் மட்டும் பார்த்தது.

எதிரே கிரீஸ் படிந்த விரல்களோடு சாந்த் பாஷா நின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் தேடாதவர், ஒரு கடிதம் எழுதாதவர். ஒரு குண்டான் கஞ்சிக்கு ஆறு நோட்டு.

"காப்பி பாய் இது. வர்றவங்களுக்கு விக்கறதுக்குன்னே அங்க அடிக்கிறானுங்க. மூணு டாலர்னு ஒரு நோட்டு எங்கனா உண்டா? நீங்களே சொல்லுங்க."

பாஷாவின் முகம் சுருங்கிவிட்டது. கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று மட்டும் முனகினார். வேண்டுமானால் நான் வைத்துக்கொள்கிறேன் என்று ராஜமாணிக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ராஜமாணிக்கத்துக்குத் தன் ஆல்பங்களைத் திறக்கவே பிடிக்கவில்லை. திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரிந்தது. கொஞ்ச நாள் போகட்டும், அற்ப விலைக்குக் கேட்டு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தார்.

மூன்று மாசம் கழித்து ஆசிரமத்துக்குப் போய்வந்த அவர் மனைவி ஆதிலட்சுமி, சைக்கிள் கடை வாசலில் அமெரிக்க நோட்டு மாட்டியிருக்கிறது, வெள்ளைக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள் என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஒட்டுப்பலகையில் மைதாப் பசை தடவி ஆறு நோட்டையும் வரிசையாக ஒட்டியிருந்தது. மேலே வார்னிஷ் வேறு. பிய்த்தால் தூளாகத்தான் வரும். ராஜமாணிக்கம் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பலகையைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார்.

"காப்பின்னு நீங்கதான சார் சொன்னீங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு பொய்யும் ராஜமாணிக்கத்தின் வாயில் வரவில்லை.

"காப்பி இல்ல பாய். ஆறும் அசல். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். எனக்குக் கெடைக்காதது உங்களுக்குக் கெடைச்சிடுச்சேன்னு தாங்கல."

பாஷா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த மனுசன் என்னை ஏமாத்தலை."

கல்லாவிலிருந்து இரண்டு வெளிநாட்டுக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். நகலைக் கொடுத்து ஏமாற்றிய ஆளுக்கு என்ன பதில் என்று போடாமலே வைத்திருந்தாராம். திட்டியிருந்தால் ராஜமாணிக்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாஷா திட்டவில்லை. அதே ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு பதில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்; ஒன்றையும் கம்மி பண்ணக் கூடாது.

ராஜமாணிக்கம் எழுதினார். அடுத்தவர்களின் வில்லங்கங்களை ஆயுசெல்லாம் எழுதியவருக்குத் தன்னுடையதை எழுத மூன்று தாள் கிழிக்க வேண்டியிருந்தது.

சித்திரை வெயிலில் பதில் வந்தது. பாஷா அதை அவரிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். ஒட்டியதில் வருத்தமில்லை, என் முப்பாட்டனார் பெயர் உங்கள் ஊர்த் தெருவில் வெயில் காய்வது சந்தோஷம் என்று எழுதியிருந்தது. பத்திர எழுத்தரைப் பற்றி ஒரே ஒரு வரி: உங்கள் நண்பரின் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. கடிதத்துக்குள் இன்னொரு நோட்டு இருந்தது. பாஷாவுக்குத்தான்.

அதுவும் மூன்று டாலர். முன்னதைவிடச் சுத்தம், ஒரு மடிப்புக்கூட இல்லை.

பாஷா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார். ராஜமாணிக்கம் பூதக்கண்ணாடியைத் தேவைக்கு மேல் வெகுநேரம் பிடித்திருந்தார்.

"அசல்தான் பாய். பசை படாம வைங்க."

பாஷா அதைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். ராஜமாணிக்கம் அன்று மத்தியானம் இலையில் கை வைக்கவில்லை. என்ன என்று ஆதிலட்சுமி கேட்டதற்கு, வயிற்றெரிச்சல் என்றார். அவள் மோரில் பெருங்காயம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.