பருந்தின் இருக்கை

தேடல் ஹெலிகாப்டருக்கு வெப்பக் கேமரா வந்திருந்தது. மூட்டத்திலும் மனுஷ உடம்பின் சூட்டைத் திரையில் காட்டும். நல்ல சாமான்தான், ஆனால் கனம். அதை ஏற்றினால் எதையாவது இறக்கியாக வேண்டும். இறக்கத் தோதாக இருந்தது ஜன்னலோர இருக்கை. அதில் உட்கார்ந்து கடலை வெறிப்பவனைப் பருந்து என்பார்கள். அவனுக்கு வேறு வேலை தெரியாது.

கேமராவைக் கொண்டுவந்த எஞ்சினியர் அவன் தங்கை புருஷன். ஒரே வீடு. வீட்டில் இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை; நடுவில் தங்கைதான் தபால்காரி.

"கண்ணு எரியுதுன்னு புலம்புவியே மச்சான், இனிமே இழுத்துப் போத்திக்கிட்டு தூங்கு" என்றான் எஞ்சினியர், இருக்கையைத் தட்டியபடி.

"முதல்ல உன் பொட்டி ஒரு ஆளையாவது பார்க்கட்டும் மாப்பிள்ளை."

"நானே கடல்ல மிதக்கிறேன். பார்க்குதா இல்லையான்னு பாரு."

கேப்டன் அம்மா அதிகம் பேசமாட்டாள். "கேமராவும் தேடட்டும், பருந்தும் தேடட்டும். யார் பார்த்தாலும் உடனே சொல்லணும்."

"மச்சானும் மாப்பிள்ளையும் அடிச்சுக்க ஊர்ல இடமே இல்லையா, கடல்தான் கிடைச்சுதா?" என்றான் கயிறு இறக்குகிறவன்.

குளிருக்குப் பயந்து எஞ்சினியர் தடித்த ஆரஞ்சு ரப்பர் உடைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டான். ஒரு படகு அவனைக் கடலில் எங்கோ இறக்கிவிட்டுத் தள்ளிப் போனது.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பருந்து பார்த்துவிட்டான். அலைக்கு நடுவே ஆரஞ்சு நிறம். நேர் கீழே, கையை ஆட்டிக்கொண்டு. திரையில் வெறும் தண்ணீர். வாயைத் திறந்தால் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவார்கள், பெயர் அதற்குப் போகும். ஊறட்டும், திமிர் கொஞ்சம் கரையட்டும் என்று நினைத்தான். மூக்கைச் சொறிந்துகொண்டான். ஹெலிகாப்டர் தாண்டிப் போனது.

அடுத்த சுற்றில், எச்சில் துப்பக் கதவோரம் குனிந்த கயிற்றுக்காரன்தான் கத்தினான்.

தரையிறங்கியபோது எஞ்சினியருக்குப் பல் தந்தியடித்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டே கேப்டனிடம் சொன்னான்: "இந்த உடுப்பு சூட்டை வெளியவே விடல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். கப்பல் முழுகறப்ப குதிக்கிறவனும் இதைத்தானே போட்டிருப்பான்? முகத்துச் சூட்டை மட்டும் வெச்சுத் தேடற மாதிரி மாத்தணும். மாத்திடலாம்."

கேப்டன் திரும்பினாள். "பருந்து, நீ ஏன் பார்க்கல?"

"நல்லா கேளுங்க" என்றான் எஞ்சினியர். "என் தலைக்கு மேலதான் போனான். கையைக் கையை ஆட்டினேன். ஐயா மூக்கைச் சொறிஞ்சாரு."

யாரும் சிரிக்கவில்லை. பார்த்தேன் என்றால் ஒரு ஆளைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவன். பார்க்கவில்லை என்றால் குருடன்.

"பார்க்கல" என்றான் பருந்து.

"பொட்டிக்காவது ஒரு காரணம் இருக்கு" என்றாள் கேப்டன். "சீட்டைக் கழட்டிடுங்க."

எஞ்சினியர் அவனையே பார்த்தான். "தெரியும் மச்சான். பார்த்திருந்தா சொல்லாம இருப்பியா?"

ஸ்பானரை எடுத்து நீட்டினான்.

"நீயே கழட்டு. எனக்கு இன்னும் குளிர் விடல."

பருந்து மண்டியிட்டான். போல்ட் லேசில் அசையவில்லை.