சத்தமில்லாத டயர்

...சத்தமே வரக்கூடாதாம், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் காரில் போகும்போது காதுக்குள் குளவி பறக்கிற மாதிரி இருக்கிறதாம், அதற்காக நான் ஹேவாஹெட்டவிலிருந்து கண்டி டவுனுக்கு வந்து ஹபீல் முதலாளியின் டயர்க் கடையில் ரப்பர் நாற்றத்துக்குள் நிற்கிறேன், வெளியே கட்டுகஸ்தோட்டை பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் போகிறான், அவனுக்கு யாரும் புத்தி சொல்வதில்லை. முதலாளி ஒரு டயரை உருட்டி வந்து என் காலடியில் நிறுத்தினார். “இது கோடைக்கால டயர், டிரைவர். வாகனம் வாறதே ஒத்தருக்கும் வெளங்காது.” கோடைக்காலமாம்! எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்க்கட்டும், பாதி வருஷம் மழை, மீதி மூட்டம்... வெள்ளைக்கார நாட்டில் ஐஸ் கொட்டும் காலத்துக்கு வேறு டயராம், இது மற்றக் காலத்துக்காம், அதனால் இந்தப் பெயராம். சரி, பெயர் எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும். ஒருத்தருக்கும் விளங்காது என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான் டயரைத் தொடப் போன என் கையைப் பின்னால் இழுத்தது.

யாருக்கு விளங்கக் கூடாது? என் பெண்டாட்டி ராக்கம்மாவுக்குத்தான், அவளோடு மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகளுக்குத்தான். இப்போது காரில் கிடப்பது ஆழமாக வெட்டிய முரட்டு டயர், கீழ் வளைவில் ஏறும்போதே மலை முழுக்க அதன் உறுமல் கேட்கும், கூடையை இறக்கிவிட்டு ஒரு வாய் வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் எழுந்து தேயிலைச் செடி நிரைக்குள் போய்விடுவார்கள், துரை பார்க்கும்போது எல்லாக் கையும் ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்ததைக் கண்டாரோ, அன்றைக்கு அரைப்பேர்தான், நாள் முழுக்க நனைந்து எடுத்தாலும் பாதிச் சம்பளம். போன மழையிலிருந்து ராக்கம்மாவின் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, உட்காராமல் அவளால் முடியவே முடியாது, எழுந்திருக்கவும் ஆளைப் பிடிக்க வேண்டும். “ஒங்க காரு சத்தந்தாங்க எனக்குக் காவலு, வளைவுல கொஞ்சம் மெதுவா வாங்க” என்பாள். நானும் அங்கே கியரை இறக்கி நன்றாக உறுமவிட்டுத்தான் வருவேன். முன்பெல்லாம் ஹோர்னும் அடித்துக்கொண்டிருந்தேன், ஆட்களுக்குத் தொந்தரவு என்று துரை அதை நிறுத்திவிட்டார்... ஆட்கள் மேல் என்ன அக்கறை!

மூலையில் முரட்டு டயரும் அடுக்கியிருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு போய் இதுதான் கிடைத்தது என்று சொன்னால்? துரையின் காதில் பஞ்சா இருக்கிறது, மறுநாளே வேறு டிரைவர் வருவான், அவன் வளைவில் கியரை இறக்குவானா? முதலாளிக்கு என் யோசனை என்ன தெரியும், விலைக்குத்தான் தயங்குகிறேன் என்று நினைத்து, அதே டயர் போட்ட தன் காரில் என்னை ஏற்றிக் கண்டி வாவியைச் சுற்றிக் காட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சுகமாக இருந்தது, என் பாழாய்ப் போன முதுகு சாய்ந்து அனுபவித்தது. ஓரமாகக் குடை பிடித்து நடந்த ஒரு பொம்பளை, கார் பக்கத்தில் வரும்வரை திரும்பவே இல்லை, பிறகு பதறிப்போய் மதிலோடு ஒட்டிக்கொண்டாள், குடை கையிலிருந்து விழுந்தது. முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்... நான் எதற்குச் சிரித்தேன்?

“என்ன டிரைவர், மாட்டவா?” இத்தனை வருஷத்தில் ஒரு பல்பு வாங்கக்கூட துரை என்னைக் கேட்டதில்லை, எல்லாம் ஆபீஸ் கிளாக்கர் வீரசிங்கம்தான் வாங்குவார், இன்றைக்கு மட்டும், கங்காணிமாரும் கணக்கப்பிள்ளையும் நிற்கும்போது, “வீரையா, நீயே பார்த்து எடு” என்று ஏன் சத்தமாகச் சொன்னார்? மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேனே மடையன்... முதல் அரைப்பேர் விழும் அன்றைக்கு இது யார் எடுத்த டயர் என்று மலை முழுக்கத் தெரிந்திருக்கும், துரை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, ராக்கம்மா என் முகத்தைத்தான் பார்ப்பாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி துரையின் காருக்கு ஜாக்கியைப் போட்டு, புது டயருக்குக் காற்றடிக்கத் தொடங்கியிருந்தார். “காத்த ரொம்ப ஏத்திறாதீங்க மொதலாளி, அப்பறம் சத்தம் வரும்” என்றேன். இதைச் சொல்லச் சொல்லித் துரை எனக்குச் சொல்லவில்லையே.